பேனா பிடித்த தொழிலாளி பிரேம்சந்த்: உறக்கத்தை விலையாகக் கொடுத்த எழுத்து

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு விடியற்காலை நான்கு மணி என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரந்தாவ், லாபு, லிங்கி, பகாவ், கெமெஞ்சே என்று எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் அந்த நேரத்தில் லயத்தில் விளக்கு எரியும், அடுப்பு புகையும். பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டு விலகும் முன்பே மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். குளிர்ச்சி இருக்கும்போதே சீவினால்தான் கோப்பை நிறையும். ரப்பர் மரத்தின் இயல்பே தொழிலாளியின் உறக்கத்துக்கு அளவு வைத்தது.

அப்படி வாழ்ந்த ஒருவருக்குக் கதையோ கவிதையோ எழுத ஆசை வந்தால் எந்த நேரத்தில் எழுதுவது? பகல் தோட்டத்துக்குப் போய்விடும். மாலை வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். மிச்சம் இருப்பது உறங்கும் நேரம் மட்டும்தான். நம் தோட்டங்களிலிருந்து பத்திரிகைகளின் ஞாயிறு பதிப்புக்குக் கதை எழுதி அனுப்பிய பலரும் மண்ணெண்ணெய் விளக்கின் அடியில், மறுநாள் வேலையை நினைத்துக்கொண்டே எழுதியவர்கள்தான்.

இந்தச் சிக்கலை வாழ்நாள் முழுவதும் சுமந்த ஓர் எழுத்தாளர் இந்தியாவின் காசிப் பக்கத்தில் இருந்தார். மூட்டை தூக்கியவர் அல்ல, மரம் சீவியவர் அல்ல. ஆனாலும் தம்மைத் தொழிலாளி என்றே எண்ணினார். உழைக்காத நாளில் சாப்பிட உரிமை இல்லை என்பது அவருடைய கொள்கை. அவர்தான் பிரேம்சந்த்.

விளக்கின் முன் உறங்கிய சிறுவன்

1880 ஜூலை 31ஆம் தேதி, காசிக்கு அருகில் உள்ள லம்ஹி என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தன்பத் ராய். தந்தை தபால் நிலைய எழுத்தர். தாயை எட்டு வயதிற்குள்ளேயே இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். பதினைந்து வயதில் பிள்ளைக்கும் திருமணம் செய்து வைத்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் தந்தையும் போய்விட, சிற்றன்னை, அவருடைய பிள்ளைகள், மனைவி என்று ஒரு குடும்பமே மாணவனின் தலையில் விழுந்தது.

அந்த நாட்களின் கால அட்டவணையைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். படித்தது காசியில் உள்ள குயின்ஸ் கல்லூரிப் பள்ளியில். மாலை மூன்றரை மணிக்கு வகுப்பு முடியும். அங்கிருந்து ஒரு பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய், ஆறு மணிக்கு விடுபடுவார். வீடு ஐந்து மைல் தொலைவில். வேகமாக நடந்தாலும் வீடு சேர இரவு எட்டாகிவிடும். மறுநாள் காலை எட்டு மணிக்கு மீண்டும் நடை. காலில் செருப்பில்லை, உடம்பில் கிழியாத துணியில்லை. இரவு சாப்பிட்ட பின் சின்ன எண்ணெய் விளக்கின் முன் புத்தகத்தோடு உட்காருவார். எப்போது உறங்கிப் போனோம் என்று அவருக்கே தெரியாது.

நம் தோட்டப் பள்ளிகளில் படித்த பெரியவர்கள் பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானதாகத்தான் இருக்கும்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டாம் வகுப்பில் தேறினார். கணக்கு மட்டும் அவருக்கு மலையாக நின்றது. அதனால் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. ஒரு வழக்கறிஞரின் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை, மாதம் 5 ரூபாய்ச் சம்பளத்தில் கிடைத்தது. தங்க இடம், குதிரை லாயத்தின் மேல் இருந்த ஒரு மண் அறை. வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பினார். கையில் காசே இல்லாத ஒரு குளிர்கால மாலையில், இரண்டு நாள் வறுத்த கடலையைத் தின்று கழித்த பின், தம்முடைய கணக்குப் புத்தகத்தை ஒரு ரூபாய்க்கு விற்கப் போனார். அந்தப் புத்தகக் கடையில்தான் சுனார் என்ற ஊரின் மிஷன் பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்தார். மாதம் 18 ரூபாயில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அது 1899ஆம் ஆண்டு.

வேலைக்கு முன்னும் பின்னும்

அன்று தொடங்கி 1921 வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேல் அவர் பள்ளி ஆசிரியராகவும் பள்ளி ஆய்வாளராகவும் வேலை பார்த்தார். பெரும்பாலும் அரசாங்க வேலை. ஊர் ஊராக மாற்றல் வந்தது. பஹ்ராயிச், பிரதாப்கட், அலகாபாத், கான்பூர், மஹோபா, பஸ்தி, கோரக்பூர் என்று போய்க்கொண்டே இருந்தார். இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் முதல் நாவலை எழுதினார். 1903ஆம் ஆண்டு அது காசியில் ஓர் உருது வார இதழில் தொடராக வரத் தொடங்கியது.

வேலைக்குப் போகும் முன்னும் வேலை முடிந்து வந்த பின்னுமாகவே அந்த ஆண்டுகளின் எழுத்து நடந்தது. மனம் கனியட்டும், நல்ல நேரம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அந்த நேரம் வந்திருக்காது. மேசையும் தனி அறையும் இல்லாத இடத்திலும் எழுதினார். இந்த வேலைகளோடு வேலையாக இன்டர்மீடியட் தேர்வு எழுதித் தேறினார். 1919ஆம் ஆண்டு, முப்பத்தெட்டு வயதைக் கடந்த பின், பி.ஏ. பட்டமும் பெற்றார்.

1906ஆம் ஆண்டு அவர் சிவராணி தேவியை மணந்தார். சிவராணி இளம் வயதில் கணவனை இழந்தவர். விதவை மறுமணம் ஊரார் வாயில் பெரும் பேச்சாக இருந்த காலம் அது. பிற்காலத்தில் சிவராணியும் கதைகள் எழுதினார், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். கணவர் இறந்த பின் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள்தான் பிரேம்சந்த் எப்படி வாழ்ந்தார், எப்படிக் கண்விழித்தார் என்பதை நமக்குச் சொல்கின்றன. வீட்டில் அவருடைய உடம்பைக் காவல் காத்தவர் சிவராணிதான். இரவில் எழுதாதே என்று தடுப்பதும், பேனாவைக் கீழே வைக்கச் சொல்வதும் அவருடைய அன்றாட வேலையாக இருந்தது.

மாட்டு வண்டியில் ஒரு இரவு

நவாப் ராய் என்ற பெயரில் அவர் எழுதிய ஐந்து கதைகள் 1908ஆம் ஆண்டு ‘சோஸே வதன்’ என்ற நூலாக வெளிவந்தன. நாட்டுப்பற்றுக் கதைகள். சில மாதங்களுக்குப் பின், ஹமீர்பூர் மாவட்டத்தில் பள்ளி ஆய்வாளராக முகாமில் இருந்தபோது மாவட்ட ஆட்சியரிடமிருந்து அழைப்பு வந்தது. குளிர்காலம். மாட்டு வண்டி பூட்டச் சொல்லி, இரவோடு இரவாக முப்பது நாற்பது மைல் பயணம் செய்து மறுநாள் வெள்ளைக்கார அதிகாரியின் முன் நின்றார்.

அந்த இரவில் அவருக்கு உறக்கம் எங்கிருந்து வரும்? வேலை போகுமா, சிறைக்குப் போக வேண்டுமா என்று தெரியாத நிலை. அதிகாரி ஒவ்வொரு கதைக்கும் விளக்கம் கேட்டார். எல்லாமே ராஜத்துரோகம் என்றார். மொகலாயர் ஆட்சியாக இருந்தால் இரண்டு கைகளும் போயிருக்கும் என்று மிரட்டினார். மிச்சமிருந்த பிரதிகள் ஒப்படைக்கப்பட்டு எரிக்கப்பட்டன. இனி எதை எழுதினாலும் முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்று உத்தரவானது.

எழுத்தை விட்டுவிட அதைவிடச் சரியான காரணம் ஒருவருக்குக் கிடைக்காது. குடும்பம் இருக்கிறது, அரசாங்கச் சம்பளம் இருக்கிறது. அவர் விடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டார். கான்பூரில் ‘ஜமானா’ இதழ் நடத்திய நண்பர் தயாநாராயண் நிகம் சொன்ன புதுப் பெயர்தான் பிரேம்சந்த். 1910க்குப் பிறகு உலகம் அறிந்தது அந்தப் பெயரைத்தான்.

ஆனால் அந்த ஆய்வாளர் வேலை உடம்பில் ஒரு தழும்பை விட்டுப் போனது. ஊர் ஊராகச் சுற்றியதில், கிடைத்ததைச் சாப்பிட்டு, கிடைத்த தண்ணீரைக் குடித்து, வயிற்றுக்கடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வயிற்று நோய் கடைசி வரை அவரை விடவில்லை.

ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தபோது

1921 பிப்ரவரி 8ஆம் தேதி கோரக்பூரில் காந்தி பேசினார். அரசாங்க வேலையை விட்டு வெளியே வரச் சொன்னார். பிரேம்சந்துக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், சிவராணி மீண்டும் கருவுற்றிருந்தார். உடல் நலமும் சரியில்லை. சில நாட்கள் யோசித்து, மனைவியிடம் கலந்து பேசி, அதே மாதத்தில் வேலையை விட்டார்.

இனி முழு நேரமும் எழுத்து என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. 1923ஆம் ஆண்டு காசியில் சரஸ்வதி அச்சகத்தைத் தொடங்கினார். அது லாபம் தராமல் கடனைத் தந்தது. 1930ஆம் ஆண்டு ‘ஹம்ஸ்’ மாத இதழைத் தொடங்கினார், பிறகு ‘ஜாக்ரண்’ வார இதழையும் ஏற்று நடத்தினார். இரண்டிலும் நஷ்டம். காகிதக் கடைக்காரருக்குப் பாக்கி, தொழிலாளர்களுக்குச் சம்பளம், அரசாங்கம் கேட்ட ஜாமீன் தொகை என்று பகல் முழுவதும் கணக்கிலேயே போனது. அதற்கு நடுவில்தான் ‘ரங்கபூமி’, ‘நிர்மலா’, ‘கபன்’, ‘கர்மபூமி’ போன்ற நாவல்கள் பிறந்தன. வாழ்நாளில் ஏறக்குறைய 300 சிறுகதைகள், ஒரு டஜனுக்கும் மேற்பட்ட நாவல்கள்.

கடனை அடைக்க 1934ஆம் ஆண்டு பம்பாய்க்குப் போனார். அஜந்தா சினிடோன் என்ற படக் கம்பெனி ஆண்டுக்கு 8,000 ரூபாய் தருவதாகச் சொன்னது. அந்தக் காலத்தில் பெரும் தொகை. ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய ‘மஸ்தூர்’ படத்துக்குக் கதை எழுதினார், அதில் சிறு வேடத்தில் தோன்றவும் செய்தார். தொழிலாளர்களைத் தூண்டிவிடும் என்று பம்பாயில் படத்துக்குத் தடை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் பட்டமளிப்பு விழாவுக்காகச் சென்னைக்கும் வந்து போனார்.

பம்பாயில் கையில் பணம் இருந்தது. ஆனால் எழுத்து நகரவில்லை. ஊரில் பாதியில் விட்டு வந்த ‘கோதான்’ நாவல் அவரை இழுத்துக்கொண்டே இருந்தது. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே, 1935ஆம் ஆண்டு ஏப்ரலில் காசிக்குத் திரும்பிவிட்டார்.

இதில் எழுத நினைக்கும் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. வேலையை விட்டால் எழுதலாம், கடன் தீர்ந்தால் எழுதலாம், பணம் வந்தால் எழுதலாம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வேலையை விட்டபோது அச்சகம் அவருடைய நேரத்தைத் தின்றது. பணம் வந்த இடத்தில் பேனா நின்றது. ஓய்வான காலம் என்று ஒன்று அவருக்குக் கடைசி வரை வரவே இல்லை. இருந்த நாளுக்குள்ளேயே ஒரு பங்கை எழுத்துக்கு ஒதுக்கியதால்தான் இத்தனை நூல்கள் நமக்குக் கிடைத்தன.

உறங்கிப் போன ஹல்கு

உறக்கம் பறிபோன மனிதர்களை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு 1930ஆம் ஆண்டு வந்த ‘பூஸ் கீ ராத்’ என்ற சிறுகதையே சாட்சி. மார்கழி, தை மாதக் கடும் குளிரில் வயலுக்குக் காவல் இருக்கிறான் ஹல்கு என்ற ஏழை விவசாயி. கம்பளி வாங்கச் சேர்த்து வைத்த மூன்று ரூபாயும் கடன்காரனுக்குப் போய்விட்டது. துணைக்கு இருப்பது ஜப்ரா என்ற நாய் ஒன்றுதான். குளிர் தாங்காமல் மாந்தோப்புச் சருகுகளைக் குவித்துத் தீ மூட்டுகிறான். அந்தச் சாம்பல் சூட்டில் உடம்பு அசந்து போகிறது. காட்டு விலங்குகள் வயலில் இறங்கி மேய்கிற சத்தம் காதில் விழுகிறது. நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறது. அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

விடிந்து பார்த்தால் பயிர் முழுக்க நாசம். மனைவி கலங்கி நிற்கிறாள். இனி கூலி வேலை செய்துதான் வரி கட்ட வேண்டும். ஆனால் ஹல்குவின் முகத்தில் ஒரு நிம்மதி. இனிமேல் இந்தக் குளிரில் இங்கே வந்து படுக்க வேண்டியதில்லை அல்லவா?

அவனைச் சோம்பேறி என்று பிரேம்சந்த் எழுதவில்லை. உடம்புக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்கு அப்பால் ஒருவனைத் தள்ளினால் சொந்தப் பயிரைக்கூட அவன் காக்க மாட்டான் என்று காட்டினார். பெரட்டுக்கு ஓடிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டியிருந்தால் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசி ஆண்டின் இரவுகள்

ஹல்குவின் எல்லையைத் தெரிந்து எழுதியவர் தம்முடைய எல்லையை மதிக்கவில்லை. அதுதான் இந்த வாழ்க்கையின் வேதனை.

1936ஆம் ஆண்டு அவருக்கு எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது. ஏப்ரலில் லக்னோவில் நடந்த முற்போக்கு எழுத்தாளர்களின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ‘கோதான்’ நூலாக வெளிவந்தது. உடம்போ தேய்ந்துகொண்டே போனது. வயிற்றுப் புண் அவரைப் படுக்கையில் தள்ளியது. இரவில் உறக்கம் வரவில்லை. உறக்கம் வராத இரவை வீணாக்குவானேன் என்று எழுத உட்கார்ந்தார்.

ஜூன் 18ஆம் தேதி ரஷ்ய எழுத்தாளர் மக்ஸீம் கார்க்கி இறந்தார். காசியில் ‘ஆஜ்’ பத்திரிகை அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் ஏற்பாடானது. அந்த உரையை எழுத, நோயோடு நள்ளிரவில் எழுந்து தரையில் அமர்ந்தார் பிரேம்சந்த். விழித்துப் பார்த்த சிவராணி பதறிப்போனார். இந்த உடம்போடு யாருக்காக இந்தப் பாடு என்று அவருக்குப் புரியவில்லை. உழைப்பவர்களைப் பற்றி எழுதிய ஒருவருக்குத் தாம் செய்ய வேண்டிய கடமை இது என்று அவர் நினைத்தார். கூட்டத்துக்குப் போனார். ஆனால் நின்று பேச உடம்பில் வலு இல்லை. இரவெல்லாம் விழித்து எழுதிய உரையை வேறொருவர்தான் வாசித்தார்.

அடுத்த சில நாட்களில் இரத்த வாந்தி எடுத்தார். அதன் பிறகு அவர் முழுமையாக எழுந்திருக்கவே இல்லை. அந்த நிலையிலும் ‘மங்கள்சூத்ரா’ என்ற புது நாவலைத் தொடங்கினார். ‘ஹம்ஸ்’ இதழுக்கு அரசாங்கம் ஜாமீன் தொகை கேட்டபோது, படுக்கையில் இருந்தபடியே பணம் கட்டச் செய்து இதழை நிற்காமல் காப்பாற்றினார். உறக்கமற்ற கடைசி இரவுகளில் எழுத்தாளர் ஜைனேந்திர குமார் பக்கத்தில் இருந்தார். அவரிடம் பேசியதும் இலக்கியத்தைப் பற்றியும் ‘ஹம்ஸ்’ என்ன ஆகும் என்பதைப் பற்றியும்தான்.

1936 அக்டோபர் 8ஆம் தேதி காலை பிரேம்சந்த் காலமானார். வயது 56. ‘மங்கள்சூத்ரா’ சில அத்தியாயங்களோடு நின்றுபோனது.

நமக்கு என்ன மிச்சம்?

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பல இடிந்துவிட்டன. அன்று தோட்டத்தில் பெரட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று செனாவாங்கிலும் நீலாயிலும் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். உறக்கத்தின் நேரம் மாறியிருக்கிறது, பற்றாக்குறை மாறவில்லை. அவர்களிலும் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத நேரமில்லை என்று அவர்கள் சொன்னால் அது பொய்யில்லை.

அவர்களுக்குப் பிரேம்சந்தின் வாழ்க்கையை இரண்டு பாதியாகக் காட்டலாம். முதல் பாதியைப் பின்பற்றலாம். எழுத்தையும் ஒரு வேலையாக எண்ணி, ஷிப்ட்டுக்கு நேரம் குறிப்பதுபோல் அதற்கும் நேரம் குறிக்க வேண்டும். அரை மணி நேரமானாலும் போதும், அந்த அரை மணி நாள் தவறாமல் வர வேண்டும். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம்.

இரண்டாம் பாதியைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்கலாம். பல நாள் உறக்கத்தைத் திருடி ஒரு நாவலை முடித்துவிடலாம் என்று தோன்றும். உடம்பு அந்தக் கணக்கை மறக்காது. பதினோரு ஆண்டுகள் கூட இருந்திருந்தால் பிரேம்சந்த் சுதந்திர இந்தியாவைப் பார்த்திருப்பார், அதைப் பற்றி எழுதியும் இருப்பார்.

வீட்டில் யாராவது இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதினால், கரண்டு காசு வீணாகிறது என்று திட்ட வேண்டாம். என்ன எழுதுகிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு கோப்பைத் தேநீர் கொடுங்கள். பிறகு, சிவராணி செய்ததுபோல், போதும் போய்ப் படு என்று சொல்லுங்கள்.